கடைக் கம்ப்யூட்டரில் தங்கிய 64 பாஸ்வேர்டுகள்: தண்டையார்பேட்டை நிகழ்வு ஒன்றின் ஆய்வு

2025 பிப்ரவரியில் ஒரு மாலை, தண்டையார்பேட்டையில் இருக்கும் சின்ன ஜெராக்ஸ் கடை ஒன்றிலிருந்து போன் வந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் உள்ள கடை அது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா நடத்துகிறார். ராயபுரத்திலிருந்து விம்கோ நகர் வரை இது போன்ற கடைகளுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் வேலை.

"தம்பி, கொஞ்சம் உடனே வா. ஒரு பையன் வந்து நிக்கறான். நம்ம கடைக்கு வர்றவங்க பாஸ்வேர்டெல்லாம் அவன் போன்ல இருக்குதாம்."

போய்ப் பார்த்தேன். காசிமேட்டுப் பையன், கல்லூரி முதலாண்டு. போனை நீட்டும்போதே கை நடுங்கியது. சேமித்த பாஸ்வேர்டுகளில் சில கசிந்திருக்கலாம் என்று அவன் போனில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. பட்டியலைத் திறந்தால் 83 பதிவுகள். அவனுடையவை 19. மீதி 64-உம் முன்பின் தெரியாதவர்களுடையவை: பி.எஃப். தளம், டி.என்.பி.எஸ்.சி., மின்வாரியம், ஜிமெயில், இரண்டு நெட் பேங்கிங். "நான் எதையும் தொறந்து பாக்கல அண்ணே. ஆனா யாராவது என்னைத்தான சொல்லுவாங்க?" என்றான். அந்த நிலையிலும் தானாக வந்து சொன்னானே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவன் வராமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே வெளியே வந்திருக்காது.

இதை எழுதலாமா என்று அக்காவிடமும் பையனிடமும் கேட்டேன். பேர் வேண்டாம், மற்றதை எழுது என்றார்கள்.

எப்படி நடந்தது

2024 ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பையன் இங்கே வந்து, முதல் கம்ப்யூட்டரில் தன் ஜிமெயிலைத் திறந்து, சில கடிதங்களைப் பிரிண்ட் எடுத்திருக்கிறான். அப்போது குரோம் பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, சிங்க் செய்யட்டுமா, அதாவது இந்த கம்ப்யூட்டரில் உள்ளதையும் அவன் கூகுள் கணக்கில் உள்ளதையும் ஒன்றாக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார்கள், நேரத்துக்குக் காசு ஓடுகிறது. சரி என்று அழுத்திவிட்டுப் பிரிண்ட் எடுத்துப் போய்விட்டான்.

அந்த ஒரு அழுத்தலில் இரண்டு காரியம் நடந்தது. கடைக் கம்ப்யூட்டரின் குரோமில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பாஸ்வேர்டுகள் பையனின் கூகுள் கணக்குக்குள் போயின. பையனின் பாஸ்வேர்டுகள் கடைக் கம்ப்யூட்டருக்கு இறங்கின. வேறு யாராவது ஜிமெயிலை லாக் அவுட் செய்தால் சிங்க் நிற்கும். ஆனால் பையன் ஃபீஸ் கட்டவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் மறுபடி வந்து அதே குரோமில் நுழையும்போது, இடையில் சேர்ந்ததெல்லாம் மொத்தமாக அவன் கணக்குக்கு ஏறும். எட்டு மாதம் இப்படியே போயிருக்கிறது.

கடைக் கம்ப்யூட்டரில் அத்தனை பேருடைய பாஸ்வேர்டு ஏன் இருந்தது? இதை விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கடைதான் ஞாபகம். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று வந்து நிற்பவர்களுக்காக அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். வழக்கமாக வருபவர்களின் லாகின் எல்லாம் அதில் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் தண்ணீர் ஏறி நோட்டு ஊறிப்போனது. மை கரைந்து ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் குரோம் "சேமிக்கவா" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அக்கா சேமி என்று அழுத்த ஆரம்பித்தார். "தண்ணி வந்தாலும் இதுல இருக்கும்ல தம்பி" என்றார். அலட்சியம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்காகச் செய்த காரியம் அது. ஆனால் அந்த கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு பாஸ்வேர்டே கிடையாது. அப்படியிருந்தால், சேமித்த பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் உள்ள கண் படத்தை யார் அழுத்தினாலும், எதுவும் கேட்காமல் குரோம் அதைக் காட்டிவிடும். குரோம் அந்தக் கோப்பைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு விண்டோஸ் பயனர் கணக்கோடு கட்டப்பட்டது. கணக்குக்குள் இருப்பவருக்கு அது திறந்த வீடு.

அக்கா முதலில் செய்தது

நான் போவதற்கு முன்பே அக்கா பதறிப்போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வந்த பெட்டியில் எல்லாவற்றையும் அழித்திருந்தார். பட்டியல் அப்படியே இருந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தப் பெட்டியில் தானாக டிக் ஆகியிருப்பவை ஹிஸ்டரி, குக்கி, தற்காலிகப் படங்கள். பாஸ்வேர்டுக்கு டிக் தானாக விழாது. கால அளவும் எப்போதும் "எல்லாக் காலமும்" என்று இருக்காது. பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால், நான் அந்தப் பெட்டியை நம்புவதில்லை. சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்டும் பாஸ்வேர்டு மேனேஜர் பக்கத்துக்கு நேராகப் போய், பட்டியலைக் கண்ணால் பார்ப்பேன்.

கடைக்கு வருபவர்களில் பலர் அப்புறம் என்னிடம் சொன்னது: "நான் லாக் அவுட் பண்ணிட்டுத்தான போனேன்?" உண்மைதான், பண்ணியிருக்கிறார்கள். ஆனால் பிரவுசருக்குள் மூன்று விஷயம் தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று தளத்துக்குச் சொல்வது குக்கி. லாக் அவுட் செய்தால் முடிவது அதுதான். சேமித்த பாஸ்வேர்டு வேறொரு கோப்பில் இருக்கிறது. லாக் அவுட் அதைத் தொடாது. மூன்றாவது, பெயர் எழுதும் கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே வந்து விழும் பழைய பெயர்கள். அது படிவ நினைவு. அம்புக்குறியால் அந்தப் பெயருக்கு இறங்கி ஷிஃப்டும் டெலிட்டும் அழுத்தினால் போய்விடும். ஒன்றை அழித்துவிட்டு மூன்றும் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஏன் உடனே அழிக்கவில்லை

அக்காவுக்கும் பையனுக்கும் ஒரே எண்ணம்: எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிட வேண்டும். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குப் பின்னால் ஒரு பழைய வலி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெரம்பூரில் ஒரு கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரை விற்பதற்காகத் துடைத்தபோது, சிங்க் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் பாஸ்வேர்டுகளை அழித்தேன். அழித்தது அவர் கணக்கிலும் அழிந்து, போனிலும் அழிந்தது. வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. லாகின்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்க அவருக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சிங்க் இருக்கும்போது அழிப்பது, அந்தக் கணக்கு இருக்கும் எல்லா இடத்திலும் அழிப்பது.

இந்தக் கடையில் வேறு இரண்டு காரணமும் இருந்தது. பட்டியலை அழித்துவிட்டால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதே தெரியாமல் போகும். அடுத்தது, சிலருக்கு அந்தப் பதிவைத் தவிர பாஸ்வேர்டு வேறெங்கும் இல்லை. நோட்டு போய்விட்டது, ஞாபகமும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றவே அவர்கள் ஒரு முறை உள்ளே போக வேண்டும். பிரவுசரிலிருந்து பாஸ்வேர்டை நீக்கினால் தளத்தில் அந்த பாஸ்வேர்டு மாறிவிடாது. ஏற்கெனவே பார்த்தவருக்கு அது என்றும் வேலை செய்யும். அதனால் இந்த வேலையில் அழிப்பது கடைசிப் படி. மாற்றுவதுதான் முதல் படி.

அன்று இரவு செய்தது இவ்வளவுதான். முதல் கம்ப்யூட்டரை வாடிக்கையாளர் பயன்பாட்டிலிருந்து எடுத்து, விண்டோஸுக்கு பாஸ்வேர்டு போட்டோம். பையன் கணக்கின் சிங்க்கை நிறுத்தினோம். நிறுத்தும்போது, இந்தக் கருவியில் உள்ள தகவல்களையும் அழிக்கவா என்று ஒரு டிக் கேட்டது. அதை வேண்டுமென்றே போடவில்லை. இப்போது கடைப் பிரதி தனி, பையன் பிரதி தனி. ஒன்றை அழித்தால் மற்றது அசையாது. பையன் அங்கேயே உட்கார்ந்து, தன் போனில் மற்றவர்களுடைய 64 பதிவையும் ஒவ்வொன்றாக நீக்கினான். கடை கம்ப்யூட்டரில் அவனுடைய 19-ஐ நான் நீக்கினேன். அவன் கூகுள் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டு, "உங்கள் சாதனங்கள்" பக்கத்தில் கடை கம்ப்யூட்டரை வெளியேற்றினான். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: போனிலிருந்தபடி தூரத்துக் கருவியை வெளியேற்றினால், அங்கே ஏற்கெனவே இறங்கிய பாஸ்வேர்டுகள் தானாகப் போகாது. நேரில் வந்து நீக்கத்தான் வேண்டும்.

47 பேரைத் தேடியது

கடைப் பிரதியில் இருந்த 64 பதிவுகளைத் தாளில் எழுதினோம். தளத்தின் பெயரும் பயனர் பெயரும் மட்டும். கண் படத்தை அக்காவோ நானோ தொடுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். பட்டியலை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பிரிண்ட் எடுத்தால் சுலபம்தான். ஆனால் அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக, யாரும் படிக்கும்படி இருக்கும்.

அப்படிச் சொல்லிக்கொண்டே டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கேயே ஒன்று கிடந்தது. முந்தைய செப்டம்பரில், கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யலாம் என்று அக்காவின் தங்கை மகன் பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறான். ஃபார்மேட் நடக்கவில்லை. கோப்பு மட்டும் நின்றுவிட்டது. எக்ஸெலில் திறந்தால் 38 வரி, தளம், பெயர், பாஸ்வேர்டு. ஐந்து மாதம் எல்லாரும் பிரிண்ட் எடுக்கும் அதே ஃபோல்டரில். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயம் தந்தது சிங்க் அல்ல, இந்தக் கோப்புதான். பிரவுசரில் என்ன அழித்தாலும் இது போகாது. பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்ததாக அந்தத் தங்கை மகன் சொன்னான், அதையும் வாங்கினோம். கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால், கோப்பை நீக்கிய பிறகு, அதை மீட்க முடியாதபடி விண்டோஸிலேயே இருக்கும் சைஃபர் கட்டளையால் காலி இடத்தை மேலெழுதினேன்.

ஆட்களைக் கண்டுபிடிக்க ரெஜிஸ்டர் உதவியது. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள்படி, வருபவரின் அடையாளத்தைப் பார்த்து, பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதி, குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நிறையக் கடைகளில் இது ஏனோதானோ. அக்கா ஒழுங்காக எழுதியிருந்தார். 64 பதிவும் 47 பேருடையவை என்று இரண்டு நாளில் தெரிந்தது.

போன் செய்வதுதான் கடினமான பகுதி. "உங்க பாஸ்வேர்டு வெளியே போயிடுச்சு" என்று யாராவது போனில் சொன்னால் நம்பக் கூடாது என்றுதான் நாமே எல்லாருக்கும் சொல்கிறோம். அதனால் அக்கா போனில் ஒன்றும் கேட்கவில்லை. "கடைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க, உங்க போனையும் எடுத்துட்டு வாங்க" என்று மட்டும். வந்தவர்களிடம் மறைக்காமல் முழுவதையும் சொன்னார். இருவர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பி.எஃப். தளத்தில் மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் பேரன் பேருதான் தம்பி, அது மறக்காதுல்ல" என்றார். பேங்குக்கும் அதுவே. அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்றையும் மாற்றினோம், அதில் மெயிலை முதலில். மற்ற தளங்கள் பாஸ்வேர்டை மீட்கும் கடிதத்தை அனுப்புவது மெயிலுக்குத்தானே.

நெட் பேங்கிங் வைத்திருந்த இருவரும் கணக்கு அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். ஜிமெயில் உள்ளவர்களுக்கு, கம்ப்யூட்டரில் இன்பாக்ஸின் அடியில் இருக்கும் கடைசி நடவடிக்கை விவரத்தைக் காட்டினேன். யாருக்கும் தவறான பயன்பாடு தெரியவில்லை. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் எண்ணை எழுதிக் கொடுத்தோம். பையனின் பயத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, மற்றவரின் பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்துபவருக்கு 3 வருடம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. அவன் பயன்படுத்தவில்லை, பார்த்ததும் வந்து சொன்னான். அந்தத் தேதியை அக்கா ரெஜிஸ்டரில் எழுதி, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மற்ற பிரவுசர்கள்

குரோமோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதே கம்ப்யூட்டரில், விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரைத் திறந்தால் அதிலும் 41 பாஸ்வேர்டுகள். கடையில் யாருமே எட்ஜ் பயன்படுத்துவதில்லை. எப்போதோ முதல் முறை திறந்தபோது, குரோமிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு யாரோ சரி சொல்லியிருக்கிறார்கள். கொண்டுவருவது என்றால் பிரதி எடுப்பது. எட்ஜில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொண்டுவரும் அமைப்பும் உண்டு. அதை அணைத்துவிட்டு, பட்டியலை நம் தாளோடு ஒப்பிட்டு, புதிதாக எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அழித்தோம்.

மூன்றாவது கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸ். அதில் ஒன்பது பதிவு, எல்லாம் அக்காவுடைய சொந்த லாகின். ஃபயர்பாக்ஸ் இரண்டு கோப்புகளில் இவற்றை வைக்கிறது, ஒன்றில் லாகின், மற்றதில் சாவி. எல்லாவற்றையும் பூட்டும் முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்று போடாவிட்டால் இரண்டையும் பென் டிரைவில் எடுத்துப் போகிறவர் படித்துவிடலாம். அக்காவுக்கு ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தோம்.

கடை இப்போது நடக்கும் விதம்

வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்களில் குரோம் கெஸ்ட் முறையில், அதாவது யாருடைய கணக்கும் சேமிப்பும் இல்லாத தற்காலிகச் சன்னலில் மட்டுமே திறக்கும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், குரோமுக்கான கொள்கைப் பகுதியில் இரண்டு மதிப்பு எழுதினேன்: கெஸ்ட் முறையைக் கட்டாயமாக்குவது ஒன்று, பாஸ்வேர்டு சேமிப்பதைத் தடுப்பது இன்னொன்று. இரண்டாவது, புதிதாகச் சேமிப்பதைத்தான் தடுக்கும், பழையதை அழிக்காது. கொள்கை போட்டாயிற்று என்று பழைய பட்டியலை மறந்துவிடக் கூடாது. ஹிஸ்டரியைச் சேமிக்காத இன்காக்னிட்டோ சன்னல் போதாதா என்று அக்காவின் தங்கை மகன் கேட்டான். போதாது. குரோமில் ஒரு பயனருக்கான தனி இடம்தான் ப்ரொஃபைல். அதில் சேமித்த பாஸ்வேர்டுகளை இன்காக்னிட்டோவும் எடுத்து நிரப்பும். கெஸ்ட் நிரப்பாது, சன்னல்களை மூடினால் நடந்தது எல்லாம் போய்விடும். ஆனால் மூட வேண்டும். ஒருவர் எழுந்ததும் அக்கா போய் மூடிவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைக்கிறார்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கெஸ்ட் முறையிலும் காலியாகாது. நாங்கள் பார்த்தபோது அதில் நூற்றுக்கும் மேல் ஆதார் பி.டி.எஃப். கிடந்தன. ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும்தான். ஆளைத் தெரிந்தவருக்கு அதைத் திறப்பது பெரிய வேலையில்லை. இப்போது தினம் இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்த ஃபோல்டர் காலி.

அப்புறம், ஞாபகத்துக்கு என்ன வழி? இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய பாஸ்வேர்டுகளை எடுத்துவிட்டு மக்களைக் கையில் ஒன்றுமில்லாமல் அனுப்பினால், ஒரே மாதத்தில் அக்கா மறுபடி நோட்டுப் போட வேண்டியிருக்கும். போன் உள்ளவர்களுக்கு, அவரவர் போனில், அவரவர் கணக்கில் சேமித்துக் கொடுத்தோம். போன் பழக்கமில்லாதவர்களுக்கு உள்ளங்கை அளவு அட்டை. கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைக்கச் சொன்னார் அக்கா. தண்ணீர் வந்தால் முதலில் தூக்கி ஓடுவது அதைத்தான் என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாளில் 46 பேர் முடிந்தார்கள். மிச்சம் ஒருவர், ராயபுரத்துக்காரர், கப்பலில் வேலை. சி.டி.சி. எனும் கடலோடிச் சான்று, கம்பெனிக் கடிதம் எல்லாம் வரும் அவருடைய மெயிலை மனைவிதான் கடையில் திறந்து பிரிண்ட் எடுப்பார். பாஸ்வேர்டு மனைவிக்குத் தெரியும், மாற்றியும் விடலாம். ஆனால் மாற்றினால் நடுக்கடலில் அவர் போனில் மெயில் நின்றுவிடும். திரும்ப நுழைய அவரிடம் இந்திய சிம் வேலை செய்யாது. அடுத்த சைன் ஆன், அதாவது அடுத்த கப்பலில் சேரும் விவரம் அந்த மெயிலில்தான் வரும் என்று அந்த அம்மா சொன்னார். கப்பல் துறைமுகம் வரும்வரை காத்திருப்பது என்று அந்த அம்மாவே முடிவு செய்தார். அதுவரை தினமும் காலையில் தன் போனில் அந்த மெயிலின் சாதனப் பட்டியலைப் பார்த்தார்.

இருபத்தோராம் நாள் மாலை அவர் கடைக்கு வந்தார். வாட்ஸ்அப்பில் கணவர் இருந்தார், பின்னால் கிரேன் சத்தம். அவர் அங்கே புதுப் பாஸ்வேர்டை அடித்து, உள்ளே போய்விட்டேன் என்று சொன்னதும் அக்கா தாளில் கடைசி வரியை அடித்தார். நான் முதல் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை நீக்கி, பட்டியல் காலி என்று அவர்கள் இருவருக்கும் காட்டிவிட்டு, அந்தப் பழைய ப்ரொஃபைலையே எடுத்தேன். எழுதிய தாள்களை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். மறுநாள் காலை முதல் கம்ப்யூட்டர் மறுபடி வாடிக்கையாளருக்குத் திறந்தது.